பிஸ்டன் வடிவமைப்பு: வேக எஞ்சின்களில்

ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் 8,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 16,000 முறை நின்று திரும்புகிறது. அதனால் எடைதான் முதல் கவலை. ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ப் பக்கச்சுவர்) குட்டையாக்குவதும், பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பின்னை இலேசாக்குவதும் அதற்காகத்தான்.

சாதாரண கார்களுக்கு அலுமினியம்-சிலிக்கான் வார்ப்பு பிஸ்டன் போதும். வேக எஞ்சினுக்கு ஃபோர்ஜ் செய்த பிஸ்டன். அதில் பெரிதும் புழங்கும் கலவைகள் இரண்டு. சுமார் 12 சதவீதம் சிலிக்கான் கொண்ட 4032 சூட்டில் குறைவாக விரியும், சிலிண்டரில் நெருக்கிப் பொருத்தலாம். சிலிக்கான் அநேகமாக இல்லாத 2618 விரிசல் விடாமல் அடி தாங்கும், டர்போவுக்கு ஏற்றது. ஆனால் இடைவெளி கூடுதலாக விடவேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை 'கடகட'வென்று தட்டும். விவரம் தெரியாதவர்கள் எஞ்சினையே இறக்கிவிடுவார்கள்.

பார்வைக்கு உருளை, மைக்ரோமீட்டர் வைத்தால் ஸ்கர்ட் நீள்வட்டம். பின்னின் அச்சுத் திசையில் குறுகலாகக் கடைந்திருப்பார்கள், சூட்டில் விரிய இடம் வேண்டுமே.

பிஸ்டன் தயாரிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல: சென்னை செம்பியத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது.

தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் டீசல் ஜீப்பின் தேவை வேக எஞ்சினுக்கு நேர்மாறானது: சுற்று குறைவு, அழுத்தம் அதிகம். இத்தகைய டீசல் பிஸ்டன்கள் பலவற்றில் முதல் ரிங் காடி தேயாமலிருக்க நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையத்தைப் பதிக்கிறார்கள். எடை கூடும், மலையேற்றத்தில் அது பொருட்டல்ல.