ரெப்பாயீம்

விவிலியத்தில் வரும் 'ரெப்பாயீம்' என்ற சொல்லுக்குப் பேய்க்கூட்டம் என்று ஒருவர் பொருள் எழுதியிருக்கக் கண்டேன். சிரியக் கடற்கரையில் 1929-இல் அகழத் தொடங்கிய உகாரித் நகரின் களிமண் ஏடொன்றில், மாண்ட மன்னன் நிக்மத்துவுக்காகச் சிங்காசனத்தையே அழச் சொல்லி, ஏழுமுறை பலியிட்டு, புதிய அரசன் அம்முராபிக்கு க்ஷேமம் வேண்டும் அந்திமக் கிரியையில், 'ரபியூமா' என்று விளித்து அழைக்கப்படுவோர் பூர்விக ராஜாக்களே. குணப்படுத்துதல் என்னும் தாதுவினின்று பிறந்ததாகப் பலர் கொள்ளும் இச்சொல், எபிரேயத்தில் வலுவிழந்த நிழல்களையும், வேறிடங்களில் ராட்சதரையும் குறிக்கலாயிற்று. மரணதேவனான மோத்திடம் வீழ்ந்த பாகால் தேவனைத் தொடர்ந்து மண்ணுள் இறங்குவேன் என தலைமைத் தெய்வமான ஏல் புலம்பும் வாசகத்தின் சாயலும் அக்கிரியையில் உண்டு. ரபியூமாவைத் தமிழில் 'பிதிரர்' எனின் வைதிக வாடை மிகும். உகாரித் மக்களின் பாதாளம் தெற்கே அன்று, கீழே என்ற தடை இருப்பினும், 'தென்புலத்தார்' என்பதே எனக்கு உவப்பு.