பனாமாக் கால்வாயும் தொழிலாளர் உயிரும்

அத்திலாந்திக், பசிபிக் சமுத்திரங்களை இணைக்கும் பனாமாக் கால்வாயை மனித அறிவின் வெற்றியென்று பாடநூல்கள் போற்றுகின்றன. வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வெற்றியின் பயன் எவரைச் சென்றடைந்தது என்ற வினாவை நாம் எழுப்பாவிடின் வரலாற்றிற் பாதியையே படித்தவராவோம்.

சுயஸ் கால்வாயை அமைத்துப் புகழீட்டிய லெசெப்ஸின் பிரெஞ்சுக் கம்பனி 1881ஆம் ஆண்டிற் பனாமாவில் வேலையைத் தொடங்கியது. 1889இல் அது முறிந்து வீழ்வதற்குள், மஞ்சட் காய்ச்சலாலும் மலேரியாவாலும் பிற காரணங்களாலும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனரென மதிப்பிடுவர். நோய் பரவும் வழியை அன்று அங்கு எவரும் அறிந்திலர். வைத்தியசாலையில் எறும்பு ஏறாதிருக்கும் பொருட்டுக் கட்டிற் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினர். அந்நீரிலேயே நுளம்பு பெருகியது. நோய் தீர்க்கக் கட்டிய இடமே நோயைப் பரப்பும் இடமாயிற்று.

மஞ்சட் காய்ச்சலை நுளம்பே பரப்புகின்றதெனக் கியூப வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881இலேயே கூறினார்; கேட்பாரில்லை. 1897இல் றொனால்ட் றோஸ் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியை நுளம்பின் உடலிற் கண்டார். 1900இல் வோல்ட்டர் றீட் குழுவினர் பின்லேயின் கூற்றை மெய்ப்பித்தனர். 1904இல் அமெரிக்கா கால்வாய் வேலையைப் பொறுப்பேற்றபோது வைத்தியர் கோர்காஸ் இவ்வறிவுடன் பனாமா சென்றார். மேலதிகாரிகளோ அவரை எள்ளி நகையாடினர். 1905இல் மஞ்சட் காய்ச்சல் மூண்டு, அமெரிக்க உத்தியோகத்தர் பெருந்தொகையினராய்க் கப்பலேறிய பின்னரே அவருக்கு வேண்டிய பணமும் ஆட்களும் கிடைத்தன. வீடுகளுக்குப் புகையூட்டினர், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினர், வடிகால் வெட்டினர், நகரங்களுக்குக் குழாய்நீர் கொணர்ந்தனர். அவ்வாண்டிறுதிக்குள் பனாமா நகரில் மஞ்சட் காய்ச்சல் ஒழிந்தது. மலேரியாவும் தணிந்தது. 1906இல் ஏறத்தாழ 26,000 ஊழியருள் 21,000 பேருக்கு மேல் மலேரியாவால் வைத்தியசாலை சென்றனர். 1912இல் 50,000க்கு மேற்பட்ட ஊழியருள் சென்றோர் ஏறத்தாழ 5,600 பேரே.

இவ்வளவும் பாடநூல் கூறும் கதை. அது கூறாத கதையொன்றும் உண்டு. கால்வாய் ஊழியர் பொற்பட்டியல், வெள்ளிப் பட்டியல் என இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். பொன் நாணயத்தில் ஊதியம் பெற்றோர் பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர். பார்படோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து மண்ணை வெட்டிய கறுப்புத் தொழிலாளர் வெள்ளி நாணயம் பெற்றனர். முன்னவருக்குக் கம்பிவலையடித்த வீடுகள் கிடைத்தன. பின்னவருட் பெரும்பாலோர் வலையற்ற வாடகை அறைகளிலும் காட்டோரக் குடிசைகளிலும் வாழ்ந்தனர். மழையில் நனைந்த உடையோடு உறங்கியோரை நியுமோனியாவும் கொள்ளை கொண்டது. அமெரிக்கர் காலத்தில் மாண்ட 5,609 பேருள் ஏறத்தாழ 4,500 பேர் கறுப்பர். அவர்கள் தொகையிற் கூடியோர் என்று மட்டுங் கூறி இதனை விளக்கிவிட முடியாது; 1906இல் அவர்களது இறப்பு வீதமே வெள்ளையரதைப்போல் மும்மடங்குக்கு மேலாயிருந்தது.

நுளம்பின் இரகசியத்தை விஞ்ஞானம் வெளிப்படுத்தியது. வலையை எவர் வீட்டில் அடிப்பதென்பதைச் சம்பளப் பட்டியல் தீர்மானித்தது. இதனைப் பிற்காலத்திற் கோர்காஸ் தாமே உணர்ந்தார். சுகாதாரத்தைப் பேண ஒரே வழியைத் தெரிந்தெடுக்க வேண்டுமாயின் கூலி உயர்வையே தாம் தெரிவதாக அவர் கருத்துரைத்தார். தொழிலாளர் நலன்பற்றிப் பேசுவோர் மருந்தையும் புகையையும் எண்ணுமுன், தொழிலாளியின் கூலியையும் குடியிருப்பையும் எண்ணிப் பார்ப்பாராக.