வரலாற்றிற் சடைமுடி

மனிதன் தன் உடம்பில் நோவின்றித் தான் விரும்பியவாறு மாற்றியமைக்கத்தக்கது மயிர் ஒன்றேயாம். அதனை வளர்க்கலாம், மழிக்கலாம், முடிக்கலாம், பின்னலாம், சடையாகத் திரியவும் விடலாம். இவ்வுரிமை எளிதாகக் கிடைத்தமையாலேயே மக்கட் கூட்டங்கள் யாவும் தத்தம் சமயம், குலம், தொழில், துக்கம், துறவு முதலியவற்றுக்குரிய அடையாளங்களைத் தலையிலே தாங்கி வந்தன. அடையாளம் உள்ளவிடத்து மதிப்பும் உண்டு, இகழ்ச்சியும் உண்டு. சில வேளைகளிற் கத்தரிக்கோலும் காவலாளரும் அதன் பின்னே வருவர். அவ்வடையாளங்களுள் மிகப் பழையதும் மிகப் பரந்ததுமான சடைமுடியின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலே சடைமுடி பற்றிய பழைய செய்திகள் சங்க இலக்கியத்திற் காணப்படுகின்றன. தொல்காப்பியப் புறத்திணையியல் தாபதர்க்குரிய ஒழுக்கம் எட்டெனக் கூறும். அவை இவையெனக் காட்டப் புகுந்த உரையாசிரியர்கள், நீராடல், நிலத்திற் கிடத்தல், தோலுடுத்தல், தீயோம்பல் முதலியவற்றோடு சடை வளர்த்தலையும் ஒன்றாக எண்ணினர். புறநானூற்றில் 251ஆம், 252ஆம் பாடல்கள் மாற்பித்தியார் பாடியவை. இல்வாழ்க்கையில் மகளிர் நெஞ்சைக் கவர்ந்து வாழ்ந்த ஒருவன், பின்னர்த் துறவு பூண்டு மலைக்காட்டில் உறைவதை அவை கூறுகின்றன. அவன் அருவியிலே நீராடுகின்றான். காட்டு யானை கொணர்ந்த விறகினால் தீ வளர்க்கின்றான். முதுகில் தாழ்ந்த சடையை அத்தீயிற் புலர்த்துகின்றான். அருவிநீர் இடையறாது வீழ்தலால் அச்சடை நிறம் மாறித் தில்லந்தழை போன்று வெளிறியது என்கின்றார் புலவர்.

இப்பாடல்களில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. சடை என்றவுடன் நீர் காணாத தலையையும் அழுக்கையும் எண்ணுவார் பலர். சங்கப் புலவர் கண்ட சடையோனோ நாள்தோறும் நீராடியவன். நீராடியபின் சடையை உலர்த்துவதிற் கருத்துடையவன். சடையை ஓம்பும் முறை பற்றி இன்று அறிந்தோர் கூறுவனவும் இவையே. மயிரிழையின் மேற்புறம் நுண்ணிய செதில்களால் ஆனது. சீப்பிடாது விட்ட மயிரில் இச்செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து திரியாகின்றன. நெருங்கச் சுருண்ட மயிர் விரைவிலும், நேரிய மயிர் நெடுநாளிலும் இந்நிலையை அடையும். ஒருவர் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வரையான மயிர்கள் இயல்பாகவே உதிர்வன. சடையில் அவை வீழாது உள்ளேயே தங்கித் திரியைப் பருக்கச் செய்கின்றன. எனவே தலையோட்டின் தோலைத் தவறாது கழுவுதல் வேண்டும். கழுவியன எச்சமின்றி நீங்குமாறு அலசுதல் வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் நாற்றமும் பூஞ்சணமும் தோன்றுமாதலின் முற்றாகப் புலர்த்துதல் வேண்டும். வேரை இறுக்கி இழுத்துக் கட்டினால் மயிர் அடியோடு உதிர்ந்து வழுக்கை விழும். சடை வளர்த்தல் சோம்பலின் விளைவு என்பது அதன் வேலையை அறியாதார் கூற்றேயாகும்.

வடநாட்டிலும் இவ்வழக்கம் தொன்மையானது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்து 136ஆம் சூக்தம் நீண்ட மயிருடைய முனிவன் ஒருவனைப் பற்றியது. புத்தர் காலத்திலே சடிலர் எனப்பட்ட சடைமுடித் துறவோர் நேரஞ்சரை ஆற்றங்கரையில் தீ வளர்த்து வாழ்ந்தனர். உருவேலக் காசியபர், நதி காசியபர், கயா காசியபர் எனும் உடன்பிறந்தார் மூவரும் முறையே 500, 300, 200 சடிலர்க்குத் தலைவராயிருந்தனர் என விநயபிடகத்து மகாவக்கம் கூறும். மூத்தவர் புத்தரை அடைந்து சடையைக் களைந்து ஆற்றில் விட்டபோது, அது மிதந்து வருவதைக் கண்ட இளையவர் தமையனுக்குத் தீங்கு நேர்ந்ததோ என அஞ்சி ஓடி வந்தார் என்பது அந்நூற் செய்தி. புத்த சங்கம் மழித்த தலையையே விதித்தது. ஆயினும் பிற சமயத்தார் சங்கத்திற் சேரும்முன் நான்கு மாதம் காத்திருத்தல் வேண்டும் என்ற விதியிலிருந்து தீயோம்பும் சடிலர்க்கு விலக்களிக்கப்பட்டது. அவர்கள் வினைப்பயனை நம்புவோர் என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். தலையின் தோற்றம் வேறாயினும் கொள்கையை அறிந்து மதிப்பளித்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மழித்த தலையும் சடைத் தலையும் அருகருகே உலவிய காலத்திலேயே திருவள்ளுவரின் தீர்ப்பும் எழுந்தது. கூடாவொழுக்கம் எனும் அதிகாரத்தின் இறுதிக் குறள், தீயொழுக்கத்தைக் கைவிட்டவனுக்கு இவ்விரு கோலங்களுள் எதுவும் தேவையில்லை என்கின்றது. வள்ளுவர் சடையைப் பழித்தாரல்லர், மொட்டையைப் புகழ்ந்தாருமல்லர். வேடத்தைக் கொண்டு மனிதனை அளத்தல் தகாது என்பதே அவர் கருத்து. இக்குறளைச் சடை வளர்ப்போரை இகழ்வதற்கு எடுத்தாளுவோர் அதன் மறுபாதியை மறந்தவராவர்.

சைவத்திலே சடைமுடி துறவோர் கோலமாய் நில்லாது இறைவன் திருக்கோலமாகவே உயர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் திருச்சிராப்பள்ளிக் குன்றிற் குடைவித்த குகைக்கோயிலில், சிவபிரான் தன் சடைப்புரி ஒன்றை நீட்டிக் கங்கையை ஏற்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் ஆடவல்லானின் சடைகள் இருமருங்கும் விரிந்து பறக்கின்றன. பொலனறுவைச் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட திருமேனிகள் ஈழத்துச் சைவத்தின் பழம்பெருமைக்குச் சான்றாகக் கொழும்பு நூதனசாலையில் உள்ளன. சடையின் அழகை அவற்றிலும் கண்டு மகிழலாம்.

இறைவன் சடையைப் போற்றுதல் எளிது. வழியிற் செல்லும் ஒருவன் சடையைப் போற்றுவதே அரிது. இவ்வரிய பண்பைக் காட்டும் வரலாறுகள் இரண்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெரியபுராணத்தில் அமைத்தார். புகழ்ச்சோழர் தமக்குத் திறை செலுத்தாத அதிகன்மீது படை விடுத்தார். வென்ற படை பகைவர் தலைகளைக் கொணர்ந்து குவித்தது. அவற்றுள் ஒரு தலையிற் சடை இருப்பதைக் கண்ட மன்னர், அடியார் ஒருவரைக் கொன்றோமே என நடுங்கி, மைந்தனிடம் நாட்டை ஒப்படைத்து, அத்தலையைப் பொற்றட்டில் ஏந்தித் தீப்புகுந்தார். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருளாரையோ, முத்தநாதன் என்னும் பகைவன் நீறு பூசிச் சடை முடித்து அடியார்போல் வந்து குத்தினான். வீழ்ந்த நிலையிலும் அவர், தத்தன் எனும் காவலனை விளித்து, வந்தவனுக்கு ஊறு நேராமல் ஊரெல்லை கடத்திவிடுமாறு பணித்தார். முதலாவது வரலாற்றில் மாற்றார் படையில் நின்றவனுக்கும், இரண்டாவதில் வஞ்சகனுக்குமே சடை காப்பாயிற்று. ஒருவன் பூண்ட கோலத்தை அவமதிப்பதினும் தம் உயிரிழப்பே மேல் எனக் கருதியோர் நம் முன்னோர்.

கடல் கடந்த நாடுகளிற் சடைமுடி பெற்ற வரலாறு வேறு வகையானது. யமேக்காத் தீவிலே, எதியோப்பியாவில் 1930ஆம் ஆண்டு முடிசூடிய பேரரசர் ஹைலே செலாசியைத் தெய்வமாகக் கொண்டெழுந்த ரஸ்தபாரி நெறியினர், 1940களின் இறுதியிலிருந்து சடை வளர்ப்பதைத் தம் அடையாளமாக்கினர். விவிலியத்தின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில், நோன்பு பூண்டவன் தலையிற் கத்தி படலாகாது என்ற விதி உண்டு. அதனை அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர். இவ்வழக்கம் அங்கு எவ்வாறு தோன்றியது என்பதில் அறிஞர் வேறுபடுவர். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாய் யமேக்கா சென்ற இந்தியர் ஏறத்தாழ 36,000 பேர். அவர்களிடையே வாழ்ந்த சாதுக்களின் சடையே வழிகாட்டியது என்பர் அஜய் மான்சிங், லக்ஷ்மி மான்சிங் என்போர். நெறியினுள்ளேயே கிளர்ந்தெழுந்த இளைஞர் குழுவே இதற்குக் காரணம் என்பர் பரி செவான்ஸ். கெனியாவில் 1952இல் மூண்ட மௌ மௌ கிளர்ச்சியின் வீரர்களும் காடுகளிற் சடையுடன் திரிந்தனர். அவர் தலைவருள் ஒருவரான டெடான் கிமாதி 1957இல் தூக்கிலிடப்பட்டார். அப்போரிற் பங்குகொண்ட முத்தோனி கிரிமா என்னும் பெண்மணி, காட்டில் வளர்ந்த தம் சடையை விடுதலைக்குப் பின்னும் களையாது வைத்திருந்து 2022ஆம் ஆண்டிலேயே களைந்தார். அடுத்த ஆண்டு காலமானார்.

யமேக்காவிற் சடையினர் பட்ட இன்னல் சிறிதன்று. 1963ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் நிகழ்ந்த கலகத்தையடுத்து, அதிலே தொடர்பில்லாத ரஸ்தபாரியினரும் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டனர். அவர் சடைகள் வலிந்து வெட்டப்பட்டன. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2017ஆம் ஆண்டு ஏப்பிரிலிற் பிரதமர் அன்ட்ரூ ஹோல்னஸ் பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். தலைமயிரில் ஆட்சியாளர் கைவைத்தாற் பெருங்கேடு விளையும் என்பதை 1806ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சியும் காட்டிற்று. சிப்பாய்கள் நெற்றிக்குறி அணியலாகாது, தாடி வைத்தலாகாது, புதுவகைத் தலைப்பாகை தரித்தல் வேண்டும் என்ற ஆணையே அதற்கு உடனடிக் காரணம். இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டபின் ஆணை மீட்கப்பட்டது. சென்னை ஆளுநர் பெந்திங்கு பிரபுவும் படைத்தலைவர் கிரடக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

அண்மைக்கால நீதிமன்றங்கள் இவ்விடயத்திற் கூறியவை ஆசிரியர்களும் மாணவர்களும் அறியத்தக்கவை. தென்னாபிரிக்காவிற் சடை வளர்த்தமைக்காகச் சிறைக்காவலர் ஐவர் பணிநீக்கப்பட்டனர். அவருட் சிலர் ரஸ்தபாரியினர். ஏனையோர் தம் மரபின்படி மருத்துவராகும் அழைப்புப் பெற்றதாகக் கருதியவர். பெண் காவலர் சடை வளர்க்கத் தடை இருக்கவில்லை. சடையினால் அவர்தம் கடமைக்கு இடையூறு நேர்ந்தமைக்குச் சான்றில்லை எனக் கூறி, 2013இல் மேன்முறையீட்டு உயர்நீதிமன்றம் அப்பணிநீக்கம் முறையற்றது எனத் தீர்த்தது. கானா நாட்டில் 2021ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி, சடைமுடியுடைய ரஸ்தபாரி மாணவர் இருவரைச் சேர்க்க மறுத்த பாடசாலை அவர்களைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒழுங்கு எதற்காக ஏற்பட்டது என்னும் வினாவே இவ்வழக்குகளின் உயிர்நாடி. கற்பதற்கும் கடமைக்கும் தடையாகாத ஒன்றை ஒழுங்கின் பெயரால் தடுத்தல் ஒழுங்காகாது.

இனி, இதன் மறுபுறத்தையும் நோக்குதல் நடுநிலையாளர் கடன். போலந்து நாட்டில் நெடுங்காலமாக மக்கள் தம் மயிர் சிக்குண்டு திரண்டால் அதனை வெட்ட அஞ்சினர். வெட்டினால் நோய் உடலினுட் புகும் என்பது அவர் நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராக்கோ நகரத்து மருத்துவப் பேராசிரியர் யோசேப் டீட்டில் அவ்வச்சம் பொய்யெனக் காட்டி உழைத்தார். மகாராட்டிரத்திலும் கன்னட நாட்டிலும் சிறுமியர் தலையில் தற்செயலாய்ச் சடை விழுந்தால், எல்லம்மா தேவியின் அழைப்பு அதுவெனக் கூறி அவர்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. அவர்களுட் பலருக்கு மணவாழ்வு மறுக்கப்பட்டது. அச்சத்தினாற் சடையைச் சுமந்த பெண்களுடன் பேசி, அவர் இசைவு பெற்று அதனைக் களையும் பணியை அங்குள்ள சீர்திருத்த இயக்கத்தார் செய்து வருகின்றனர். கத்தரியை வலிந்து எடுப்பது எவ்வாறு தீதோ, சடையை வலிந்து சுமத்துவதும் அவ்வாறே தீதாம்.

நம் நாட்டிற் கதிர்காமத்தே சடையுடன் வழிபடும் அடியார்களை, சிறப்பாகப் பெண்களை, பேராசிரியர் கணநாத் ஒபேசேகர ஆராய்ந்து 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் சடையைத் தெய்வம் தந்த கொடையெனக் கொண்டனர். ஒவ்வொருவர் சடைக்குப் பின்னும் அவரவர்க்கே உரிய துன்பமும் அதனின்று மீண்ட கதையும் இருந்தன என்பதை அவர் அவர்களுடன் பேசிப் பேசி அறிந்தார். ஒரே தோற்றமுடைய சடை ஒருவருக்குத் தவம், ஒருவருக்கு நேர்த்தி, ஒருவருக்கு விடுதலைக் கொடி, ஒருவருக்கு அழகு, மற்றொருவருக்கு இறக்கிவைக்க இயலாத பாரம். பார்ப்பவர் கண்ணுக்கு இவற்றின் வேறுபாடு புலப்படாது. கேட்டாலன்றி அறிதல் அரிது.

ஆகவே, பிறர் தலைமுடியை மதித்தல் என்பது அதனைப் புகழ்தலோ பின்பற்றலோ அன்று. அதன் பொருளைக் கூறும் உரிமை அதனை உடையவருக்கே உண்டென ஏற்றலாம். வேண்டுவோர் அதனைத் தூய்மையுடன் வளர்க்க. வேண்டாதோர் அச்சமின்றிக் களைக. வகுப்பறையிலும் வழியிலும் சடையுடன் ஒருவரைக் காணுங்கால், பொற்றட்டில் ஏந்திய புகழ்ச்சோழரின் மரபினர் நாம் என்பதை எண்ணுவோமாயின், குறைந்த அளவு எள்ளி நகைக்கவேனும் நாணுவோம்.