கலவைக்கு ஒரு பெயர்
பழையது என்றாலே கலப்பற்றது என எண்ணிப் பழகியவர்கள் நாம். ஸ்காட்லாந்தின் விஸ்கி வரலாறு வேறு சொல்கிறது. 1853ஆம் ஆண்டளவிலேயே எடின்பரோ வணிகர் ஆண்ட்ரூ அஷர், வெவ்வேறு பீப்பாய்களின் கிளென்லிவெட் மால்ட்டைப் பெருந்தொட்டியில் கலந்து விற்றார். தொட்டியைக் குறித்தே 'வாட்டட் மால்ட்' என்ற பெயர் வழங்கிற்று. பின்னர்ப் பல வடிசாலைகளின் மால்ட்டுகளும் இவ்வாறு கூடின. முளைகட்டிய பார்லியில் வடித்தவை மட்டுமே இதில் சேரும். தானிய விஸ்கிக்கு இடமில்லை. ஒன்றன் புகைமணம் மற்றொன்றன் தேன்சுவையை விழுங்காமல் காப்பதே கலப்பவரின் திறம்.

2003இல் 'கார்டூ' என்னும் ஒற்றை மால்ட், பிற வடிசாலைச் சரக்கும் சேர்ந்து, 'ப்யூர் மால்ட்' என வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2009ஆம் ஆண்டு விதிகள் அவ்விரு பெயர்களையும் விலக்கி, 'பிளெண்டட் மால்ட்' என்பதை நிலைநிறுத்தின. கலந்ததைக் கலந்தது என்றே சொல்வதில் இழிவில்லை என்பதை நாமும் கற்கலாம்.