40 விழுக்காட்டின் வரலாறு

செவித்திறன் குறைந்துவரும் ஆய்வு மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?" சலுகைகள் பயன்படும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அதுவே தம் அடையாளமாகிவிடும் என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் அவர் ஒருவருடையது அன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு.

1872 முதல் 1931 வரை காலனிய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பார்வையற்றோர், செவித்திறனும் பேச்சும் அற்றோர், மனநலம் குன்றியோர், தொழுநோயாளர் ஆகியோரைத் தனியே எண்ணின. அவ்வாறு எண்ணப்பட்டதால் அவர்களுக்கு எவ்வுரிமையும் கிட்டவில்லை. மாறாக, 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் வறிய நோயாளரைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வழிசெய்தது. குடும்பங்கள் உண்மையை மறைத்ததில் வியப்பில்லை. அன்று மறைப்பதே தற்காப்பு.

உடற்குறையை விழுக்காட்டால் அளக்கும் முறை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தெளிவாகத் தென்படுகிறது. எந்த உறுப்பை இழந்தால் வருவாய் ஈட்டும் திறனில் எத்தனை விழுக்காடு குறையும் என்று அதன் அட்டவணை வரையறுத்தது.

விடுதலைக்குப் பின்னும் புறக்கணிப்பு நீடித்தது. 1941 முதல் 1971 வரையிலான கணக்கெடுப்புகளில் இக்கேள்வியே இல்லை. 1981இல் இடம்பெற்று 1991இல் மீண்டும் விடுபட்டது. மாற்றுத்திறனாளிகளே தெருவில் இறங்கிப் போராடிய பின்னணியில்தான் 1995ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. 40 விழுக்காடு என்ற வரம்பும், அரசுப் பணியில் 3 விழுக்காடு இடஒதுக்கீடும் அதில் இடம்பெற்றன. அவர்களது இயக்கத்தின் வலியுறுத்தலால் 2001 கணக்கெடுப்பிலும் அக்கேள்வி திரும்ப வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. பணியில் 4, உயர்கல்வியில் 5 விழுக்காடு என இடஒதுக்கீட்டை உயர்த்தியது.

இந்த எண்களுக்கும் குறையுண்டு. 39 விழுக்காடு என்று மருத்துவர் எழுதினால் இடஒதுக்கீடு இல்லை. வறியோருக்கான நடுவண் அரசின் ஓய்வூதியமோ 80 விழுக்காடு கேட்கிறது; அதில் பெரும்பாலோர்க்கு நடுவண் அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய் மட்டுமே. வகுப்பறையில் ஒருவர் படும் துன்பத்தை எந்த விழுக்காடும் அளப்பதில்லை.

ஆயினும் விண்ணப்பிக்குமாறே அவரிடம் சொன்னேன். சான்றிதழ் பெற்றவர் எல்லா இடத்திலும் அதைக் காட்டியாக வேண்டும் என்பதில்லை. எங்கே பயன்படுத்துவது என்பது அவர் விருப்பம். அன்றைய பதிவேடு ஆள்வோரின் தேவைக்காக எழுதப்பட்டது. இன்றைய சான்றிதழின் பின்னால் போராடிப் பெற்ற சட்டம் நிற்கிறது. முடிவு அவருடையதே. ஆனால் இரக்கத்தை யாசிக்கிறோமோ என்ற கூச்சத்தால் மட்டும் அவர் பின்வாங்க வேண்டியதில்லை.