திக்கிதிக்கி ஆலயம்: நற்செய்தியும் ஒரு மக்களின் கைவண்ணமும்

நியூசிலாந்தின் வடதீவில், கிழக்கு முனைக்கு அண்மையில், வையாப்பு ஆற்றங்கரையில் திக்கிதிக்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தூய மரியாள் ஆலயம் வெளியே நின்று நோக்குவோருக்கு மரத்தாலான எளிய ஆங்கிலிக்கன் ஆலயமாகவே தோன்றும். உள்ளே நுழைவோரோ மவோரி மக்களின் சபை மண்டபத்திற்குள் வந்துவிட்டதாகவே எண்ணுவர். சுவர்களில் துக்குதுக்கு எனப்படும் பின்னல் தட்டிகள், விட்டங்களில் வளைகோட்டு வண்ண ஓவியங்கள், எங்கும் மரச்செதுக்கு வேலைப்பாடுகள். 1924 முதல் 1926 வரை எழுப்பப்பட்ட இவ்வாலயம் நம் சிந்தனைக்குரிய இரு நினைவுகளைத் தாங்கி நிற்கிறது.

முதலாவது, பிரிப்பி தௌமாத்தா ஆ குரா என்பவரின் நினைவு. நாத்தி போரோ குலத்தவரான இவர், வடக்கிலிருந்து படையெடுத்து வந்த நாப்புஹி குலத்தாரால் சிறைபிடிக்கப்பட்டார். அந்நிய மண்ணில் மிஷனெரிமாரின் பள்ளியில் எழுத்தும் வேதமும் கற்றார். 1834இல் வில்லியம் வில்லியம்ஸ் என்னும் மிஷனெரியுடன் கப்பலேறித் தாயகம் திரும்பி, தம் மக்களுக்குப் போதிக்கத் தொடங்கினார். குருப்பட்டம் பெறாத அவருக்கு எந்தச் சங்கமும் ஊதியம் தரவில்லை. 1836இல் தெ காஹாவை நோக்கிப் படை திரண்டபோது, வீழ்ந்தோரின் உடலை உண்ணலாகாது, உணவையும் படகுகளையும் வீணே அழிக்கலாகாது என்று அவர் நிபந்தனை விதித்தார். போரை அவர் நிறுத்தவில்லை. எனினும் அதன் கொடுமைக்கு நற்செய்தியின் பேரால் எல்லை வகுத்தார். 1838இல் மிஷனெரிமார் அப்பகுதிக்கு வந்தபோது, ஓய்வுநாளை ஆசரித்து வழிபடும் மக்களைக் கண்டனர். விதைத்தவர் முன்னாள் அடிமை. மிஷனெரிமார் கண்டது விளைச்சலையே.

இரண்டாவது, முதல் உலகப் போரில் மடிந்த நாத்தி போரோ வீரரின் நினைவு. ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில், ஹெனாரே கோஹெரே, பெக்காமா கா என்னும் இரு படை அதிகாரிகள் கிறிஸ்துவின் பாதத்தண்டை முழந்தாட்படியிட்டிருக்கக் காண்கிறோம். முன்னவர் 1916இலும் பின்னவர் 1917இலும் உயிர்நீத்தனர். வெற்றிக்கொடி ஏந்தி நிற்போராக அன்றி, மண்டியிடுவோராகவே அவர்கள் காட்டப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது.

இவ்வாலயம் எழுந்ததற்கு முன்னின்று உழைத்தவர் அக்குலத்தின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஆப்பிரானா நாத்தா ஆவார். மறைந்துவந்த மவோரிக் கலைகளை மீட்பது அவருடைய வாழ்நாட் பணிகளுள் ஒன்று. இதன் அருமையை உணர வேண்டுமாயின், முக்கால் நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1849இல் இதே கிழக்குக் கரையோரப் பகுதியிலுள்ள மனுத்துக்கேயில் ஆலயத்திற்கெனச் செதுக்கு வேலை தொடங்கியபோது, அதே வில்லியம் வில்லியம்ஸ் மனித உருவங்களுக்கு இசையவில்லை. செதுக்குவோர் வேறு வடிவத்தைக் கையாள நேர்ந்தது. முன்னோரின் உருவங்கள் பழைய வழிபாட்டிற்கு வழிகோலும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். அவ்வச்சத்தை நாம் எளிதில் நகையாடலாகாது. விக்கிரகத்திற்கும் நினைவுக்கும் இடையேயுள்ள கோடு மெல்லியதே. ஆயினும் அக்கோட்டை வரைபவர் யார் என்பதே வினா. மனுத்துக்கேயில் அதனை வரைந்தவர் வெளியிலிருந்து வந்தவர். திக்கிதிக்கியிலோ, நற்செய்தியை ஏற்று மூன்று தலைமுறை வாழ்ந்த மக்களே வரைந்தனர். ஆலயம் நிறைவெய்திய 1926க்குப் பின் ஈராண்டில், 1928இல், மவோரியருக்கென முதல் மவோரிப் பேராயராக பிரெடரிக் பென்னெட் அருட்பொழிவு பெற்றார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பண்பாட்டிற்கேற்ற வழிபாடு என்று நாம் பேசும்போது, பெரும்பாலும் குத்துவிளக்கையும் கோலத்தையும் பற்றியே பேசி அமைகிறோம். திக்கிதிக்கி அதனினும் ஆழமானதொன்றைக் கற்பிக்கிறது. அங்கே அலங்காரம் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது, தன் மக்களிடம் திரும்பிய ஒரு சிறைக்கைதியின் சாட்சி. கைவேலைக்கு ஆலயத்தில் இடமளிப்பது எளிது. பட்டமற்ற, ஊதியமற்ற சாட்சியின் சொல்லுக்கும் அதேபோல் இடமளிக்க நம் சபைகள் ஆயத்தமாயுள்ளனவா என்பதே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.