காது கேளாக் குழந்தையின் மொழித் தேர்வு (பிரான்ஸ்)

காது கேளாத குழந்தைக்குச் சைகைமொழியா, பேச்சுமொழியா, இரண்டுமா எனப் பெற்றோர் எடுக்கும் முடிவு. பாரிசில் 18ஆம் நூற்றாண்டில் பாதிரியார் சார்ல் மிஷேல் தெ லெப்பே சைகைவழிப் பள்ளி தொடங்கினார். 1880ஆம் ஆண்டு காது கேளாதோர் கல்வி குறித்து மிலானில் நடந்த மாநாட்டுக்குப் பின் வகுப்பறைகளில் சைகை விலக்கப்பட்டு, பேச்சுப் பயிற்சியே வலியுறுத்தப்பட்டது. 1991ஆம் ஆண்டுச் சட்டம், சைகைமொழியும் பிரெஞ்சும் சேர்ந்த இருமொழிக் கல்வி, பேச்சுவழிக் கல்வி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடும்பங்களுக்கு அளித்தது. 2005இல் பிரெஞ்சுச் சைகைமொழி தனிமொழியாகச் சட்ட ஏற்புப் பெற்றது. உதட்டசைவோடு கைக்குறிகளை இணைக்கும் முறையும், உட்காதில் பொருத்தப்படும் காக்ளியர் கருவியும் பேச்சுவழிக்குத் துணைபுரிகின்றன.

பாரிசின் லா ஷப்பல் பகுதியிலுள்ள ரூ பெர்தொனே கடைத்தெருவுக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழியான தமிழும் இத்தேர்வில் சேர்கிறது. எவ்வழியாயினும், முதல் சில ஆண்டுகளிலேயே குழந்தைக்கு முழுமையாக எட்டும் ஒரு மொழி கிடைப்பது இன்றியமையாதது.